குறைந்த செலவில் சிகிரியா: டிக்கெட்டில் கைவைக்காமல் சிக்கனமாகச் சென்றுவர ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையில் ஐந்தாம் நூற்றாண்டு அரசன் ஒருவன் குடியேறிய பாறையான சிகிரியாவுக்குப் போகப்போவதாகச் சொன்னதும், சிக்கனப் பயணம் பழகியவர்கள் தரும் முதல் யோசனை ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கும். "பாறைக்கு டிக்கெட் விலை அதிகம், அதில் ஏறாதீர்கள். எதிரே பிதுரங்கல என்ற குன்று இருக்கிறது. அதில் ஏறினால் சிகிரியா முழுதாகத் தெரியும், படமும் நன்றாக வரும்."

இந்த யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. பிதுரங்கலவிலிருந்து தெரிவது பாறையின் வடிவம் மட்டுமே. நீர்த்தோட்டங்கள், ஓவியப் பெண்கள், கண்ணாடிச் சுவர், சிங்கத்தின் பாதங்கள், உச்சியில் பாறையை வெட்டி அமைத்த குளம் ஆகிய எதுவும் அங்கிருந்து கிடைக்காது. இத்தனை தூரம் வந்து சிகிரியாவைத் தள்ளி நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது சிக்கனமும் அல்ல. ஆகவே இந்த வழிகாட்டியில் டிக்கெட்டைத் தொடாமல் மற்ற எல்லாவற்றிலும் செலவைக் குறைக்கிறோம். போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு, ஆட்டோ ஆகிய நான்கிலும் குறைப்பதற்கு நிறையவே இடமிருக்கிறது.

இங்கே தரும் விலைகள் ஏறத்தாழக் கணக்கிட்டவை. இலங்கையில் விலைவாசி சில ஆண்டுகளாக வேகமாக மாறுகிறது. ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட இலங்கை ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகுமுன் தெரிந்திருக்க வேண்டிய கதை

கதை தெரியாமல் ஏறினால் 1,200 படிகளும் வெறும் படிகளாகவே இருக்கும். அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். இதற்குச் செலவும் இல்லை.

ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அனுராதபுரத்தைப் பாண்டிய மரபினர் என்று சொல்லப்படும் ஆறு மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்டார்கள். அவர்களின் ஆட்சியை முடித்து அரியணை ஏறியவர் தாதுசேனன். கலாவெவ என்னும் மாபெரும் ஏரியைக் கட்டியவர் அவர்தான். அவருக்கு இரண்டு மகன்கள். பட்டத்தரசியின் மகன் முகலன். அரச குலத்தைச் சேராத துணைவிக்குப் பிறந்தவன் காசியப்பன். தாதுசேனன்மீது தீராத பகை கொண்டிருந்த படைத்தலைவன் மிகார காசியப்பனைத் தூண்டிவிட, மகன் தந்தையைச் சிறைப்பிடித்தான்.

செல்வத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டு நெருக்கியபோது, தாதுசேனன் தன்னைக் கலாவெவ கரைக்கு அழைத்துப்போகச் சொன்னார். அங்கே ஏரிக்குள் இறங்கிக் குளித்து, தண்ணீரைக் கையில் அள்ளி, என் செல்வம் முழுவதும் இதுதான் என்றார். பிறகு அவரைச் சுவரோடு வைத்துப் பூசிக் கொன்றார்கள் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது.

முகலன் கடல் கடந்து இந்தியாவுக்குத் தப்பினான். என்றாவது ஒருநாள் அவன் படையோடு திரும்புவான் என்ற அச்சத்தோடு காசியப்பன் அனுராதபுரத்தை விட்டு இந்தப் பாறைக்கு வந்தான். கி.பி. 477 முதல் 495 வரை அவன் ஆட்சி. இந்தப் பதினெட்டு ஆண்டுகளில்தான், சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் செங்குத்தாக எழும் பாறையின் மேல் அரண்மனையும் கீழே தோட்ட நகரமும் எழுந்தன. முகலன் திரும்பியும் வந்தான். போர்க்களத்தில் காசியப்பனின் யானை சதுப்பு நிலத்தைக் கண்டு ஒதுங்கித் திரும்ப, அரசன் பின்வாங்குகிறான் என்று நினைத்துப் படை சிதறியது. காசியப்பன் தன் கத்தியாலேயே உயிரை விட்டான். அரண்மனை பிக்குகளின் மடமாக மாறிப் பல நூற்றாண்டுகள் தொடர்ந்தது. பிறகு காடு அதை மூடியது.

இது சூளவம்சம் சொல்லும் கதை. அரண்மனையா, கோட்டையா, குபேரனின் அளகாபுரியை மண்ணில் காட்டும் முயற்சியா என்று தொல்லியலாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். கடைசிக் கருத்தைச் சொன்னவர் இலங்கைத் தொல்லியலாளர் செனரத் பரணவிதான.

எந்த மாதம், எந்த நாள்

சிகிரியா இலங்கையின் உலர் வலயத்தில் இருக்கிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. பாறை வழுக்கும், நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தை ஒட்டிய காங்கேசன்துறைக்கு ஓடும் கப்பலும் அந்தக் காலத்தில் நிறுத்தப்படுவது வழக்கம். பிப்ரவரி, மார்ச் மாதங்களும், ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களும் ஏறுவதற்கு ஏற்றவை.

மாதத்தைவிட நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். பௌர்ணமி நாள் இலங்கையில் போயா விடுமுறை. அன்றும் அதை ஒட்டிய வார இறுதியிலும் உள்ளூர்க் கூட்டம் படிகளில் நெருக்கியடிக்கும். ஏப்ரல் நடுவில் வரும் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்தே விடுங்கள். ஊர் திரும்புவோரால் பஸ்கள் நிரம்பிவழியும், கடைகள் மூடிக்கிடக்கும். கண்டியில் எசல பெரகரா என்னும் ஊர்வலத் திருவிழா நடக்கும் நாட்களில் அந்த வட்டாரத்தில் அறை வாடகை ஏறிவிடும். செவ்வாய், புதன், வியாழனில் ஏறுவதுபோல் திட்டமிட்டால் கூட்டமும் குறைவு, வாடகையில் பேரம் பேசவும் இடமுண்டு.

கடல் கடப்பது

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் புறப்படும் முன்பே மின்னணுப் பயண அனுமதி பற்றிய நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டணம் வாங்குவதா, விலக்கு அளிப்பதா என்ற முடிவு அண்மைய ஆண்டுகளில் அடிக்கடி மாறியிருக்கிறது. இலங்கைக் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். தேடினால் முதலில் வரும் தளங்களில் பல இடைத்தரகர்களுடையவை. அதே படிவத்தை நிரப்பித் தர அதிகமாகப் பணம் வாங்குவார்கள். நமது செலவுக் கணக்கில் முதல் ஓட்டை இங்கேதான் விழும்.

கொழும்புக்குப் பறப்பது ஒரு வழி. சென்னை, திருச்சி, மதுரையிலிருந்து நேரடி விமானங்கள் உண்டு. டிக்கெட் விலை பார்க்கும்போது பெட்டிக்கான கட்டணத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

தமிழ்நாட்டவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதைப் பலர் யோசிப்பதே இல்லை. அது யாழ்ப்பாணம் வழி. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சேர்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய சேவை இது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு விமானமும் வந்துவிட்டது. இந்த வழியின் சிறப்பு ஏ9 நெடுஞ்சாலை. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று நேர்கோடாக ஓடும் சாலை இது. யாழ்ப்பாணம் – கண்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இடையில் எங்கும் மாறாமல், சிகிரியாவுக்குப் பக்கத்து ஊரான தம்புள்ளையில் இறங்கலாம். யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கிப் போவோருக்கு மொழிச் சிக்கல் இல்லை, சாப்பாடும் மலிவு. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான். கப்பல் அட்டவணை வானிலைக்கு ஏற்ப மாறும் என்பதால் திரும்பும் நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் இடைவெளி விட்டுவையுங்கள்.

தம்புள்ளை வரை

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கொழும்புக்குப் போகிறார்கள். கொழும்பு தெற்கே இருக்கிறது; சிகிரியாவோ வடகிழக்கே. நகரைப் பார்க்கும் ஆசை இல்லையென்றால் பக்கத்திலுள்ள நீர்கொழும்புக்குப் போய், அங்கிருந்து குருநாகல் பஸ் பிடித்து, குருநாகலில் தம்புள்ளை பஸ்ஸுக்கு மாறுங்கள். கொழும்பில் ஓர் இரவு தங்கும் செலவு அப்படியே மிஞ்சும். இரவில் விமானம் இறங்கினால் நீர்கொழும்பிலேயே தங்கலாம். அங்கே மலிவான அறைகள் ஏராளம்.

கொழும்பிலிருந்தே புறப்படுவதானால் புறக்கோட்டை பஸ் நிலையங்களுக்குச் செல்லுங்கள். அனுராதபுரம், திருகோணமலை, பொலன்னறுவை போகும் பஸ்களில் பல தம்புள்ளை வழியாகவே போகின்றன. நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். கண்டியிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம்.

சிவப்பு நிறத்தில் ஓடுபவை இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்கள். தனியார் பஸ்களும் அதே தடத்தில் ஓடுகின்றன. சாதாரண பஸ்ஸில் கொழும்பு – தம்புள்ளைக் கட்டணம் ஆயிரம் இலங்கை ரூபாயைத் தாண்டாது. குளிரூட்டிய பஸ்ஸுக்கு அதைப்போல் இருமடங்கு கேட்பார்கள். பணத்தைக் கண்டக்டரிடம் பஸ்ஸிலேயே கொடுக்கலாம், சில்லறை வைத்திருங்கள். முன்பக்கத்து முதல் இருக்கைகள் மதகுருமாருக்கு உரியவை, அங்கே உட்காராதீர்கள். நீண்ட தூர பஸ்ஸில் பெரிய பெட்டி வைக்க இடம் கிடைப்பது கடினம். பெரிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் வருவதைவிட முதுகுப்பை ஒன்றோடு கிளம்புவது மேல்.

தம்புள்ளையிலிருந்து சிகிரியாவுக்கு உள்ளூர் பஸ் பகல் முழுவதும் ஏறத்தாழ அரை மணிக்கு ஒன்றாக ஓடுகிறது. முக்கால் மணி நேரப் பயணம், கட்டணம் நூறு ரூபாயை ஒட்டி. பஸ் நிலையத்தில் இறங்கியவுடன் "சிகிரியா பஸ் போய்விட்டது, இனி இல்லை" என்று சொல்லிக்கொண்டு ஆட்டோக்காரர்கள் வருவார்கள். பதில் சொல்லாமல் கடைக்காரர் யாரிடமாவது கேளுங்கள். அதே தூரத்துக்கு ஆட்டோ 1,500 முதல் 2,500 வரை ஆகும். மூன்று பேராக வந்து, மாலை இருட்டிவிட்ட நிலையில் ஆட்டோ எடுப்பது நியாயம். தனியாகப் பகலில் வருபவருக்கு அது வீண்.

எங்கே தங்குவது

தம்புள்ளையில் அறை மலிவு, சாப்பாடு மலிவு. ஆனாலும் சிகிரியா கிராமத்திலேயே தங்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை. பாறையை வெயில் ஏறுமுன் ஏறி முடிக்க வேண்டும். அதற்கு வாயில் திறக்கும்போதே நீங்கள் அங்கே நிற்க வேண்டும். தம்புள்ளையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருபவர் வாயிலை அடையும்போது சுற்றுலா வண்டிகள் வந்து நின்றுவிட்டிருக்கும். அந்த நேரத்துக்கு ஆட்டோ பிடித்தால் அறையில் மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும்.

கிராமத்தில் வீட்டோடு சேர்ந்த விருந்தினர் அறைகள் நிறைய. குளிரூட்டி இல்லாமல் மின்விசிறி மட்டும் உள்ள இருவர் அறை 4,000 முதல் 6,000 இலங்கை ரூபாய்க்குள் கிடைக்கும். இணையத்தில் முதல் இரவை மட்டும் பதிவு செய்துகொண்டு, இரண்டாம் இரவுக்கு நேரில் பேசினால் பெரும்பாலும் குறைத்துத் தருவார்கள். பதிவு செய்யும்போதே மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். காலை உணவு வாடகையில் சேர்த்தியா? விடியற்காலையில் கிளம்பினால் அதைப் பொட்டலமாகக் கட்டித் தருவார்களா? பாறையின் வாயிலுக்கு நடந்துபோகும் தூரமா? மூன்றாவது மிக முக்கியம். "சிகிரியா" என்று முகவரி போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டர் தள்ளி, இனாமலுவ சந்தியருகே இருக்கும் விடுதிகளும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிகிரியாவைச் சுற்றிலும் காடு. மாலை மங்கியபின் காட்டு யானைகள் சாலைக்கு வரும். பணத்தை மிச்சப்படுத்துவதற்காக இருட்டில் நடந்தோ, வாடகை சைக்கிளிலோ போகாதீர்கள். இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே சொல்லிவிடுவது பாதுகாப்பு. ருசியும் வெளியே கிடைப்பதைவிட நன்றாகத்தான் இருக்கும்.

டிக்கெட்

சிகிரியாவை நிர்வகிப்பது மத்திய கலாசார நிதியம். வெளிநாட்டவருக்கான கட்டணம் 35 டாலர் அளவில் இருக்கிறது. ஆனால் இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டினருக்குத் தனிக் கட்டணம் உண்டு. அது 20 டாலர் அளவு. இந்திய மதிப்பில் 1,800 ரூபாயை ஒட்டி வரும். சலுகை தானாகக் கிடைக்காது. அசல் கடவுச்சீட்டைக் காட்டி, சார்க் டிக்கெட் என்று கேட்க வேண்டும். கைப்பேசியிலுள்ள படத்தை நம்பிப் போகாதீர்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: பிறந்த ஊரோ பேசும் மொழியோ இங்கே கணக்கில் வராது, கையிலிருக்கும் கடவுச்சீட்டுதான் கணக்கு. கனடா அல்லது பிரிட்டன் கடவுச்சீட்டென்றால் முழுக் கட்டணம். இலங்கை அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு உள்ளூர்க் கட்டணம் மிகச் சிறியது.

டிக்கெட்டிலேயே அருங்காட்சியகமும் சேர்ந்திருக்கிறது. பலர் இதை அறியாமல் அதைப் பார்க்காமலே போகிறார்கள்.

வாயிலருகே வழிகாட்டிகள் அணுகுவார்கள். உரிமம் பெற்ற நல்ல வழிகாட்டி உண்மையிலேயே பயனுள்ளவர். நான்கைந்து பேராக வந்தால் கட்டணத்தை முன்பே பேசி, பகிர்ந்துகொண்டு அழைத்துப்போங்கள். தனியாக வருபவருக்கு மேலே சொன்ன கதையும் அருங்காட்சியகமும் போதும். படிகளில் திடீரெனக் கையைப் பிடித்து ஏற உதவுபவர்கள் கடைசியில் பணம் கேட்பார்கள். வேண்டாம் என்பதை முதல் படியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏறும் நாள்

வாயில் திறக்கும் நேரத்தை முந்தைய நாள் மாலையே வீட்டுக்காரரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிப்புள்ள செருப்பு அல்லது காலணி, பொட்டலக் காலை உணவு ஆகியவை போதும். மேலே கடை எதுவும் இல்லை. உணவைக் குரங்குகள் கண்ணில் படாமல் பைக்குள் வைத்திருங்கள்.

மேற்கு வாயிலிலிருந்து பாறையை நோக்கி நேர்கோட்டில் ஒரு பாதை போகிறது. அதன் இருபுறமும் நீர்த்தோட்டங்கள். இடப்பக்கத்தில் உள்ள குளத்துக்கு வலப்பக்கத்தில் அச்சு அசலாக ஒரு இணை. சுண்ணாம்புக்கல் தட்டில் துளையிட்டு அமைத்த நீரூற்றுகள் இங்கே இருக்கின்றன. மழைக்காலத்தில் அவை இன்றும் பீய்ச்சுகின்றன. நிலத்தடிக் குழாய்களும் நீரின் அழுத்தமுமே அதற்குப் போதுமானவையாக இருக்கின்றன. பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகும் வேலை செய்யும் இந்த ஊற்றுகளை ஐந்து நிமிடமாவது குனிந்து பாருங்கள். ஆனால் தோட்டத்தை முழுதாகப் பார்ப்பதை இறங்கியபின் வைத்துக்கொள்ளுங்கள். காலைக் குளிர்ச்சியைப் படிகளுக்குக் கொடுக்க வேண்டும்.

தோட்டம் முடிந்ததும் பெரும் பாறைகளுக்கு இடையே பாதை வளைந்து ஏறும். பாறைகளின் மேல் வரிசையாக வெட்டிய பள்ளங்களைக் கவனியுங்கள். ஒரு காலத்தில் அவற்றின்மேல் செங்கல் சுவர்களும் மரக் கட்டடங்களும் நின்றன. அடுத்து வருவது மேற்கு முகத்தில் ஒட்டிய இரும்புச் சுருள் படிக்கட்டு. ஓவியங்களுக்கு அதன் வழியாகத்தான் போக வேண்டும். நெரிசல் உண்டாகும் இடம் இதுதான். காலை ஒன்பதுக்குமேல் வருவோர் இங்கேயே நெடுநேரம் காத்திருப்பார்கள்.

மேலே, பாறைக் குழிவின் நிழலில், மேகத்திலிருந்து எழுந்ததுபோல் இடைக்குமேல் மட்டும் தெரியும் பெண்கள். கையில் பூ, தட்டில் பூ, தலையில் அணி. இன்று எஞ்சியிருப்பவை இருபதைச் சற்றே தாண்டும். அரண்மனைப் பெண்கள் பிதுரங்கல விகாரைக்குப் பூ கொண்டு போகிறார்கள் என்றார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே அகழ்ந்த எச்.சி.பி. பெல். மின்னலும் மேகமும் பெண்ணுருவம் கொண்டவை இவை என்றார் பரணவிதான. வேறு சிலர் அப்சரஸ்கள் என்கிறார்கள். 1967 அக்டோபரில் யாரோ இவற்றின்மீது பச்சைச் சாயம் ஊற்றிச் சிதைத்தார்கள். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரன்சி வந்து சுத்தம்செய்து மீட்டார். இங்கே படமெடுக்கத் தடை. மற்றவர்கள் எடுத்தாலும் நீங்கள் எடுக்காதீர்கள். எடுக்காதபோது கண்ணால் பார்க்க நேரம் கிடைக்கிறது; அந்த நிறங்கள் திரையில் வருவதும் இல்லை.

படிக்கட்டில் இறங்கினால் கண்ணாடிச் சுவர். சுண்ணாம்புச் சாந்து பூசிப் பளிங்குபோல் தேய்த்த செங்கல் சுவர். காசியப்பனுக்குப் பிறகு நூற்றாண்டுக்கணக்கில் இங்கே வந்து போனவர்கள் இந்தச் சுவரில் கவிதை கீறிவிட்டுப் போனார்கள். பெரும்பாலானவை எட்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையிலானவை. ஓவியப் பெண்களைப் பார்த்து உருகியவை, பேசமாட்டாயா என்று கெஞ்சியவை, நீ மௌனமாக இருக்கிறாயே என்று கோபித்தவை. பரணவிதான 685 கவிதைகளைப் படித்து 1956-ல் வெளியிட்டார். சிங்கள மொழியின் பழைய கவிதைகளுக்கு இந்தச் சுவரைப்போல் இன்னொரு சான்று இல்லை. படையாளும் பிக்குவும் பெண்களும் எழுதிய வரிகள் ஒரே சுவரில் இருக்கின்றன. டிக்கெட்டில் கைவைக்காதீர்கள் என்று நான் வலியுறுத்துவதற்கு முதல் காரணம் இந்தச் சுவர். இதன் பக்கத்தில் நின்று, சாய்வாக வரும் வெளிச்சத்தில் அந்தக் கீறல்கள் தெரியும்வரை பார்க்க வேண்டும். மேற்கு முகம் காலையில் நிழலில் இருக்கும். நின்று பார்க்கச் சிரமம் இல்லை. பிற்பகலில் அதே இடம் தகிக்கும். தொடாதீர்கள், உங்கள் பெயரை எழுதுவது குற்றம், சிறைத் தண்டனை வரை போகும்.

அடுத்து சிங்க மேடை. 1898-ல் பெல் மண்ணை அகற்றியபோது வெளிப்பட்ட இரண்டு பெரும் பாதங்கள் இங்கே இருக்கின்றன. அக்காலத்தில் செங்கல்லால் கட்டிய முழுச் சிங்கமே இருந்தது. அதன் வாய் வழியாகப் படிகள் ஏறின. மேடையில் சற்று உட்காருங்கள், ஆனால் சத்தம் போடாதீர்கள். மேலே பாறை விளிம்பில் பெருந்தேனீக்களின் கூடுகள் தொங்கும். கலைந்தால் கூட்டமாகக் கொட்டும். அதனால் பாறையை மூடிய நாட்களும் உண்டு. அப்படி ஏதாவது நடந்தால் பதுங்குவதற்காகவே மேடையில் கம்பிவலைக் கூண்டு வைத்திருக்கிறார்கள். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வருவதையும் தவிருங்கள்.

கடைசிப் பகுதி பாறையோடு ஒட்டிய இரும்புப் படிகள். உயரத்துக்கு அஞ்சுபவர்கள் பாறையைப் பார்த்தபடி, முன்னால் போகிறவரின் காலடியை மட்டும் கவனித்து ஏறுங்கள். இதயக் கோளாறோ, முழங்கால் வலியோ உள்ளவர்கள் சிங்க மேடையோடு நிறுத்திக்கொண்டாலும் முக்கியமானதில் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டவர்களே. உச்சி ஏறத்தாழ நான்கு ஏக்கர். அரண்மனையின் அடித்தளங்கள், படிப்படியாக இறங்கும் மேடைகள், பாறையில் வெட்டிய குளம். மேற்கு விளிம்பில் நின்றால் நீங்கள் நடந்துவந்த தோட்டத்தின் சமச்சீர் முழுதாகப் புலப்படும். வடக்கே தெரிவது பிதுரங்கல. காலை உணவுப் பொட்டலத்தைப் பிரிக்க உச்சியைவிடக் கீழேயுள்ள பாறைத்தோட்டத்து நிழல் நல்லது.

இறங்கும்போது வாகன நிறுத்தத்தின் பக்கமாக வெளியேறும் பாதை பிரியும். கூட்டத்தோடு அதில் போய்விடாமல் மேற்குப் பக்கம் திரும்பி, தோட்டங்களை நிதானமாகப் பார்த்து, அருங்காட்சியகத்தில் முடியுங்கள். மொத்தம் நான்கு மணி நேரம்.

சாப்பாடு

சிகிரியா முக்கியச் சாலையிலுள்ள உணவகங்கள் வெளிநாட்டவரை மனதில் வைத்து விலை போட்டவை. உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடையில் மதியச் சோறும் கறியும் 500 முதல் 800 ரூபாய்க்குள் முடியும். சோற்றுப் பார்சல் அதைவிடக் குறைவு. இரவில் இடியப்பம், பருப்புக் கறி, தேங்காய்ச் சம்பல். வழியில் செவ்விளநீர். சைவம் சாப்பிடுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். சம்பலிலும் பல மரக்கறிகளிலும் மாசிக் கருவாட்டுத் தூள் போடுவது இங்கே வழக்கம். மாசி போட்டதா என்று கேட்டே வாங்குங்கள். "மாலு" என்றால் சிங்களத்தில் மீன். "மாலு பணிஸ்" என்பது மீன் வைத்த ரொட்டி.

யு.பி.ஐ. 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் சில கடைகளில் செல்லுபடியாகிறது. இருந்தாலும் பஸ், ஆட்டோ, சிறுகடை எல்லாவற்றுக்கும் ரொக்கம்தான்.

பிதுரங்கல

முதலில் இதை மாற்றாக ஏற்கவில்லையே தவிர, கூடுதலாகப் பார்ப்பதற்கு இது அருமையான இடம். ஆயிரம் இலங்கை ரூபாய் அளவில்தான் கட்டணம். காசியப்பன் பாறையை எடுத்துக்கொண்டபோது அங்கிருந்த பிக்குகள் இடம் மாறிய குன்று இது என்பார்கள். அடிவாரத்தில் விகாரை இருப்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பாதி உயரத்தில் செங்கல்லால் செய்த சயனப் புத்தர். அதற்குமேல் படி கிடையாது; பாறைகளுக்கு இடையே கையூன்றி ஏற வேண்டும்.

விடியலைப் பார்க்க இருட்டில் ஏறுவதை எல்லோரும் புகழ்கிறார்கள். அதற்கு ஆட்டோ வேண்டும், யானை பயமும் உண்டு. சிகிரியா ஏறிய நாளிலேயே பகலில் ஓய்வெடுத்து, மூன்றரை மணிக்கு நடந்து கிளம்பி, மாலை வெயிலில் சிகிரியாவைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். காலையில் நீங்கள் நின்ற உச்சி எது, ஏறிய பக்கம் எது என்று அடையாளம் காண முடியும். அந்த இன்பம் முன்பே சிகிரியா ஏறியவருக்கு மட்டுமே கிடைக்கும்.

மொத்தக் கணக்கு

இருவர் ஓர் அறையைப் பகிர்ந்து, சிகிரியாவில் இரண்டு இரவு தங்குவதாக வைத்துக்கொண்டால் ஒருவருக்கு ஏறத்தாழ இப்படி வரும். சார்க் டிக்கெட் 6,000, அறை 5,000, மூன்று நாள் சாப்பாடு 4,500, பஸ் போகவர 2,500, பிதுரங்கல 1,000, தவிர்க்க முடியாத ஆட்டோவுக்கு 1,000. மொத்தம் 20,000 இலங்கை ரூபாய். இந்திய மதிப்பில் ஆறாயிரத்தை ஒட்டி. கடல் கடக்கும் செலவும் பயண அனுமதியும் தனி. முழுக் கட்டணம் செலுத்துவோர் இதோடு ஐயாயிரம் இலங்கை ரூபாய்வரை கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் மிஞ்சினால்

தம்புள்ளைக் குகைக் கோயில் எல்லோருடைய பட்டியலிலும் இருக்கும்; ஐந்து குகைகள், கூரை முழுவதும் ஓவியம், நிச்சயம் பார்க்கலாம். ஆனால் கையில் பணம் தீர்ந்துவிட்டால் நான் அனுப்பிவைப்பது கலாவெவ ஏரிக்கு. தம்புள்ளையிலிருந்து ஏ9 சாலையில் வடக்கே கெக்கிராவ வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. யாழ்ப்பாணம் வழியாகத் திரும்புவோருக்கு இது போகும் வழியிலேயே இருக்கிறது. ஏரிக்கரையில் நடக்கக் கட்டணம் எதுவும் இல்லை. இங்கிருந்து அனுராதபுரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன ஜயகங்கைக் கால்வாய் 87 கிலோமீட்டர் நீளமானது. தொடக்கப் பகுதியில் கிலோமீட்டருக்குச் சில அங்குலமே சரியும்படி வெட்டினார்கள். அணைக்கட்டின்மேல் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு நிழல் கிடையாது. கெக்கிராவவிலிருந்து வவுனியா, யாழ்ப்பாணம் போகும் பஸ்கள் முற்பகலில் அடிக்கடி வரும்; பிற்பகலில் வருபவை பெரும்பாலும் கண்டியிலிருந்தே நிறைந்து வருவதால் பதினொரு மணிக்குமுன் சாலைக்கு வந்துவிடுவது நல்லது.